வயிற்று சிடி ஸ்கேன்: இயல்பும் இயல்பு மீறலும் – விருதுநகர் மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளைக் கத்தி வைக்காமல் பார்க்க மருத்துவத்தில் உள்ள வழிகளில் மிக விரிவானது சிடி ஸ்கேன். உதரவிதானத்தின் மேல்விளிம்பு முதல் இடுப்பெலும்பின் அடிவரை, ஒரே மூச்சடக்கத்தில் எடுத்து முடிக்கப்படும் படத் தொகுப்பில் கல்லீரல், மண்ணீரல், கணையம், சிறுநீரகங்கள், குடல், ரத்தக் குழாய்கள், அவற்றின் இடையே நிறைந்திருக்கும் கொழுப்பு, முள்ளெலும்புகள் என அனைத்தும் பதிவாகின்றன. படம் தருவது கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடையிலான சாம்பல் நிறங்களை மட்டுமே. அவற்றில் எது இயல்பு, எது பிறவியிலேயே அமைந்த தீங்கற்ற வேறுபாடு, எது நோய், எது காயம் என்று பிரித்தறிவது கதிரியல் நிபுணரின் பொறுப்பு.

விருதுநகர் மாவட்டத்தில் இந்தப் பொறுப்பு இரண்டு வகையில் கனக்கிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலைகள் செறிந்துள்ளன. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு பெரும் விபத்து நேர்ந்தது. இத்தகைய நாட்களில் மருத்துவமனைக்கு வருபவர்களின் தோலில் தெரியும் தீக்காயம் வயிற்றுக்குள் நடந்ததைச் சொல்வதில்லை. மற்ற நாட்களில் அதே ஸ்கேன் அறைக்குச் சிறுநீரகக் கல், குடல்வால் அழற்சி, கணைய அழற்சி, வயிற்றுக் காசநோய், கட்டி என எல்லா ஊர்களுக்கும் பொதுவான நோய்களோடு மக்கள் வருகிறார்கள். இரு நிலையிலும் தேவைப்படுபவை இரண்டு: இயல்பான உடற்கூற்றை வரிசை தவறாமல் படிக்கும் பழக்கம், நோயாளி எங்கிருந்து, என்ன வேலையிலிருந்து, எப்படி வந்தார் என்ற செய்தி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் படிப்பு பிழையாகும்.

படம் உருவாகும் விதம்

பிரிட்டனின் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவியில், 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுக்கப்பட்டது. இதற்கான கணித அடிப்படையைத் தனியே வகுத்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கார்மாக். இருவரும் 1979ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றிச் சுழல்கிறது. உடலைக் கடந்து வரும் கதிர் ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு குறைந்தது என்பதை எதிரே உள்ள உணரிகள் அளக்கின்றன. அந்த அளவுகளைக் கொண்டு கணினி, வாழைத்தண்டை வட்ட வட்டமாக நறுக்கி அடுக்கியது போன்ற குறுக்குவெட்டுப் படங்களை உருவாக்குகிறது. இன்றைய கருவிகள் ஒரு மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய துண்டுகளையும் தருவதால், அதே பதிவிலிருந்து முன்பின் வெட்டையும் பக்கவாட்டு வெட்டையும் மறுபடி ஸ்கேன் எடுக்காமலேயே அமைக்க முடியும்.

ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் குறிக்கப்படுகிறது. தண்ணீர் 0, காற்று −1000. கொழுப்பு −100 ஐ ஒட்டி இருக்கும். கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாத நிலையில் கல்லீரல் 55 முதல் 65 வரை. மண்ணீரல் அதைவிடச் சுமார் 10 குறைவு. உறையாத ரத்தம் 30 முதல் 45. உறைந்த ரத்தம் 45 முதல் 70. எலும்பும் கல்லும் பல நூறு அலகுகளைத் தொடும். கண்ணுக்கு ஒரே சாம்பலாகத் தெரியும் இரண்டு திரவங்களில் ஒன்று தண்ணீர் போன்ற நீர்க்கோவையா, மற்றது ரத்தமா என்பதை இந்த எண்ணே தீர்மானிக்கிறது.

மனிதக் கண்ணால் எல்லா அலகுகளையும் ஒரே நேரத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. எனவே திரையில் குறிப்பிட்ட அடர்த்தி வரம்பு மட்டும் விரித்துக் காட்டப்படுகிறது. மென்திசு வரம்பில் உறுப்புகளும், எலும்பு வரம்பில் முறிவுகளும், நுரையீரல் வரம்பில் காற்றும் தெளிவாகும். மென்திசு வரம்பில் கொழுப்பும் காற்றும் இரண்டுமே கறுப்பாகத் தெரியும். குடல் ஓட்டையிலிருந்து கசிந்த ஒரு சிறு காற்றுக் குமிழி அங்கே கொழுப்போடு கலந்து மறைந்துவிடும். நுரையீரல் வரம்புக்கு மாற்றினால் அது தனித்து நிற்கும். வயிற்று ஸ்கேனை மூன்று வரம்புகளிலும் பார்க்காமல் படிப்பு முடிவதில்லை.

குறுக்குவெட்டுப் படம், மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியைக் காலடியில் நின்று பார்ப்பது போல அமைகிறது. ஆகவே நோயாளியின் வலப்பக்கம் படத்தின் இடப்பக்கத்தில் இருக்கும். கல்லீரல் படத்தின் இடப்புறம் தெரிவதே இயல்பு.

கான்ட்ராஸ்ட் மருந்தும் அதன் கட்டங்களும்

சிரை வழியாகச் செலுத்தப்படும் அயோடின் சேர்ந்த கான்ட்ராஸ்ட் மருந்து ரத்தத்தோடு ஓடி, ரத்தம் சேரும் இடங்களை வெளுப்பாக்குகிறது. செலுத்திய 35 நொடி அளவில் தமனிகள் ஒளிர்கின்றன. கல்லீரல் புற்றும் கணையக் கட்டிகளும் தமனிக் கசிவும் இந்தக் கட்டத்தில் வெளிப்படும். 70 நொடி அளவில் போர்ட்டல் சிரையும் கல்லீரலும் முழுமையாக ஒளிரும். பெரும்பாலான வயிற்று நோய்களுக்கு இந்த ஒரு கட்டமே போதும். சில நிமிடங்கள் கழித்து மருந்து சிறுநீராக வெளியேறும்போது சிறுநீர்க்குழாயும் சிறுநீர்ப்பையும் நிரம்புகின்றன; அவற்றில் கிழிசல் இருந்தால் அப்போது கசிவு தெரியும்.

சிறுநீரகக் கல்லைத் தேடும் ஸ்கேனுக்குக் கான்ட்ராஸ்ட் தேவையில்லை. மருந்து தரும் முன் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன், முந்தைய ஒவ்வாமை, தைராய்டு நோய் ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குச் சிறுநீரகத் திறன் வெகுவாகக் குறைந்திருந்தால் அந்த மாத்திரையை 48 மணி நேரம் நிறுத்திவைப்பது வழக்கம்.

குடலை நிரப்பிக் காட்ட வாய்வழியாகத் தரப்படும் மருந்துகளில் பேரியம் சல்பேட்டும் ஒன்று. பேரியம் என்ற பெயர் பட்டாசுப் பகுதி மக்களுக்கு அச்சம் தரக்கூடும். ஆலைகளில் பச்சை உப்பு எனப்படும் பேரியம் நைட்ரேட் நீரில் கரைவது. உடலுக்குள் சென்றால் ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து தசைகள் செயலிழக்கும். பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஸ்கேனில் தரப்படும் பேரியம் சல்பேட் நீரில் கரையாது. குடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறிவிடும். ஆனால் குடலில் ஓட்டை இருக்கும் ஐயம் இருந்தால் அதையும் தரக்கூடாது. வயிற்றறைக்குள் கசிந்த பேரியம் கடும் அழற்சியை உண்டாக்கும். அந்நிலையில் நீரில் கரையும் அயோடின் மருந்தே ஏற்றது.

இயல்பான வயிறு

இயல்பை அறிய எளிய வழி ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் பார்ப்பது. வரிசை எதுவாகவும் இருக்கலாம். மாறாமல் இருப்பதே முக்கியம். திட உறுப்புகள், உள்ளீடற்ற உறுப்புகள், ரத்தக் குழாய்கள், நிணநீர்க்கணுக்கள், வயிற்றறையின் இடைவெளிகள், வயிற்றுச் சுவர், எலும்புகள், நுரையீரலின் அடிப்பகுதி என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரிசை.

கல்லீரல் ரத்தக் குழாய்களின் அமைப்பைக் கொண்டு எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. பிரான்சின் குயினோ 1957இல் வகுத்த இந்தப் பிரிவினையே அறுவை மருத்துவர்களுக்கும் கதிரியல் நிபுணர்களுக்கும் பொது மொழி. கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில் கல்லீரல் மண்ணீரலைவிடச் சற்றே வெளுப்பாக இருக்க வேண்டும். மண்ணீரலைவிட 10 அலகு குறைந்தோ, மொத்தத்தில் 40க்குக் கீழோ இருந்தால் அது கொழுப்பேறிய கல்லீரல்.

பித்தப்பையின் சுவர் 3 மி.மீ.க்குள் இருக்கும். பொதுப் பித்தநாளம் 6 மி.மீ. அளவு; வயது ஏற ஏறவும், பித்தப்பை அகற்றப்பட்டவர்களிடமும் சற்று விரிவது இயல்பே. கொழுப்புச் சத்தால் ஆன பித்தக் கற்கள் சிடி ஸ்கேனில் தெரியாமல் போகலாம். அவற்றுக்கு அல்ட்ராசவுண்டே முதல் தேர்வு. மண்ணீரலின் நீளம் 12 முதல் 13 செ.மீ.க்குள். கணையம் இரைப்பைக்குப் பின்னே, மண்ணீரல் சிரைக்கு முன்னே குறுக்காகக் கிடக்கும்; அதன் நாளம் 3 மி.மீ.க்குள். முதியவர்களின் கணையம் சிறுத்து, விளிம்புகளில் கொழுப்பு ஊடுருவியிருப்பது நோயாகாது. அட்ரீனல் சுரப்பிகள் தலைகீழான 'ஒய்' வடிவில் சிறுநீரகங்களின் மேலே இருக்கும். சிறுநீரகத்தின் நீளம் 9 முதல் 12 செ.மீ.; கல்லீரல் அழுத்துவதால் வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும்.

ரத்தக் குழாய்கள் படத்தின் மைல்கற்களாகப் பயன்படுகின்றன. உதரவிதானத்துக்குக் கீழே பெருந்தமனியிலிருந்து முதலில் பிரியும் பெரிய கிளை சீலியாக் தமனி. 12ஆம் மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில். முதலாம் இடுப்பு முள்ளெலும்பில் மேல்குடல் தமனி, அதை ஒட்டியே சிறுநீரகத் தமனிகள், மூன்றாவதில் கீழ்க்குடல் தமனி, நான்காவதில் பெருந்தமனி இரண்டாகக் கிளைக்கும். ஐந்தாவதில் கீழ்ப்பெருஞ்சிரை உருவாகும். பெருந்தமனியின் அகலம் 3 செ.மீ.யைத் தொட்டால் அது வீக்கம். மேல்குடல் சிரை அதே பெயர்கொண்ட தமனிக்கு வலப்பக்கம் இருப்பது இயல்பு. இடம் மாறியிருந்தால் குடல் பிறவியிலேயே சரியாகச் சுழலாமல் நின்றிருக்கலாம்.

குடலுக்கு நினைவில் வைக்க எளிய அளவு 3, 6, 9. சிறுகுடல் 3 செ.மீ.க்கும், பெருங்குடல் 6 செ.மீ.க்கும், அதன் தொடக்கப் பையான சீக்கம் 9 செ.மீ.க்கும் மேல் விரிந்தால் அடைப்பையோ செயலிழப்பையோ தேட வேண்டும். நன்கு விரிந்த குடலின் சுவர் 3 மி.மீ.க்குள் இருக்கும். சுருங்கிக் கிடக்கும் குடலின் சுவர் தடித்தது போலவே தெரியும். அதை நோய் என்று எழுதிவிடக்கூடாது. குடல்வால் பெரும்பாலும் 6 மி.மீ.க்குள். பின்வயிற்று நிணநீர்க்கணுக்களின் குறுக்களவு 10 மி.மீ.க்குள்.

வயிற்றறையில் திரவம் தேங்கும் இடங்கள் முன்கூட்டியே தெரிந்தவை: கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடைவெளி, மண்ணீரலைச் சுற்றி, பெருங்குடலின் இரு பக்கச் சால்கள், இடுப்புக் குழி. மாதவிடாய் வயதிலுள்ள பெண்களின் இடுப்புக் குழியில் சிறிதளவு திரவம் இருப்பது இயல்பு. ஆண்களிடம் அதே திரவத்துக்குக் காரணம் தேடியாக வேண்டும்.

நோயைப் போலத் தோன்றும் இயல்புகள்

படம் படிப்பவரை அதிகம் தடுமாற வைப்பவை பிறவி வேறுபாடுகள். பத்தில் ஒருவருக்கேனும் மண்ணீரலின் அருகே உருண்டையான துணை மண்ணீரல் உண்டு. அது மண்ணீரலைப் போலவே கான்ட்ராஸ்ட் ஏற்பதால் கட்டியிலிருந்து பிரித்தறியலாம். கல்லீரலின் வலப்பகுதி நாக்கு போல இடுப்புவரை நீண்டிருப்பது ரீடல் மடல். கையால் தொட்டுப் பார்க்கும்போது கட்டி என்று ஐயப்பட வைப்பது. இரு சிறுநீரகங்களும் கீழ்முனையில் இணைந்த குதிரைலாடச் சிறுநீரகம் சுமார் 500 பேரில் ஒருவருக்கு அமைகிறது. கீழ்க்குடல் தமனி தடுப்பதால் அது மேலே ஏற முடியாமல் நின்றுவிடும். இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்குப் பின்னே செல்வதும், கீழ்ப்பெருஞ்சிரை இடப்பக்கம் அமைவதும், வலது கல்லீரல் தமனி மேல்குடல் தமனியிலிருந்து கிளைப்பதும் தாமாக நோய் தருவதில்லை. ஆனால் அறுவைக்குச் செல்லும் மருத்துவருக்கு முன்கூட்டித் தெரியாவிட்டால் பெரும் ரத்தப்போக்கில் முடியக்கூடும். ஆகவே அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

இன்னொரு வகை, நேரத்தால் உண்டாகும் மாயத் தோற்றம். தமனிக் கட்டத்தில் மண்ணீரலின் உட்பகுதிகள் வெவ்வேறு வேகத்தில் ரத்தம் பெறுவதால் அது வரிவரியாகத் தெரியும். விபத்தில் வந்தவரின் படத்தில் இதைக் கிழிசல் என்று தவறாக எண்ண வாய்ப்புண்டு. 70 நொடிக் கட்டத்தில் வரிகள் மறைந்து மண்ணீரல் சீராகிவிட்டால் அது இயல்பு, கிழிசல் மறையாது. சிறுநீரகங்களிலிருந்து வரும் ஒளிர்ந்த ரத்தமும் கால்களிலிருந்து வரும் ஒளிராத ரத்தமும் கீழ்ப்பெருஞ்சிரையில் கலக்கும் இடத்தில் ரத்தக்கட்டி போன்ற தோற்றம் உண்டாவதும் இவ்வகையே. கொழுப்பேறிய கல்லீரலில் பித்தப்பையை ஒட்டிக் கொழுப்பேறாமல் தப்பிய பகுதி, கட்டி போலத் தெரியும். ஆனால் ரத்தக் குழாய்கள் அதனூடே வளையாமல் செல்லும். உண்மையான கட்டி அவற்றைத் தள்ளும்.

இயல்பு மீறலின் பொது அடையாளங்கள்

எந்த உறுப்பாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை: உறுப்பு தன் இடத்தில் இருக்கிறதா, அளவு சரியா, விளிம்பு ஒழுங்கா, அடர்த்தி சீரா, கான்ட்ராஸ்ட் ஏற்பு எல்லாக் கட்டங்களிலும் எதிர்பார்த்தபடி உள்ளதா, சுற்றியுள்ள கொழுப்பு கறுப்பாகத் தெளிவாக இருக்கிறதா?

கடைசிக் கேள்வியே பல நேரங்களில் விடையைத் தருகிறது. அழற்சி உள்ள இடத்தில் கொழுப்பில் நீர் ஊறுவதால், கறுப்புப் பின்னணியில் மெல்லிய சாம்பல் இழைகள் ஓடும். அந்த இழைகள் எங்கே மிக அடர்த்தியோ அங்கே நோயின் மூலம் இருக்கும். கொழுப்பு மிகக் குறைந்த மெலிந்த உடல்களில் இந்தப் பின்னணியே இல்லாததால் படிப்பு கடினமாகிறது. கடும் உடல் உழைப்பில் வாழும் மெலிந்த தொழிலாளர்களிடம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கான்ட்ராஸ்ட் ஏற்பின் போக்கும் நோயைப் பிரிக்கிறது. 0 முதல் 20 அலகு வரை அடர்த்தியுள்ள, எந்தக் கட்டத்திலும் ஒளிராத உருண்டை சாதாரண நீர்க்கட்டி. கல்லீரலில் ஓரத்திலிருந்து துண்டு துண்டாக ஒளிர்ந்து மெல்ல நடுவை நிரப்புவது ரத்தநாளக் கட்டி, தீங்கற்றது. தமனிக் கட்டத்தில் ஒளிர்ந்து, சிரைக் கட்டத்தில் சுற்றுக் கல்லீரலைவிட மங்குவது, ஈரல் சுருக்கம் உள்ளவரிடம் கல்லீரல் புற்றின் அடையாளம். கான்ட்ராஸ்ட் இல்லாமலேயே 10 அலகுக்குள் இருக்கும் அட்ரீனல் முடிச்சு பெரும்பாலும் தீங்கற்ற அடினோமா.

வெடி விபத்துக்குள்ளானவரின் வயிறு

வெடிப்பினால் வரும் காயங்கள் நான்கு வகை. அழுத்த அலை நேரடியாகத் தாக்குவது முதல் வகை. சிதறி வரும் துண்டுகள் பாய்வது இரண்டாம் வகை. உடல் தூக்கி எறியப்படுவதும் கட்டடம் இடிந்து விழுவதும் மூன்றாம் வகை. தீ, புகை, ரசாயனம் ஆகியவற்றால் வருவது நான்காம் வகை. பட்டாசு ஆலை விபத்துகளில் கண்ணுக்கு முதலில் படுவது நான்காம் வகையான தீக்காயம். உயிர் இழப்புகளில் பெரும் பங்கும் அதற்கே. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த கருமருந்து மிக வேகமாக எரியும் இயல்புடையது. அலுமினியத் தூள் சேர்ந்த கலவை உராய்வுக்கும் எளிதில் தூண்டப்பட்டு வெடிக்கும். மருந்து கலக்கும் அறையின் சுவர்களில் மோதித் திரும்பும் அழுத்த அலை வலுப்பெறுவதால், உள்ளே இருந்தவருக்கு மற்ற மூன்று வகைக் காயங்களும் சேரக்கூடும்.

அழுத்த அலை காற்றுள்ள உறுப்புகளையே அதிகம் சிதைக்கும்: செவிப்பறை, நுரையீரல், குடல். குடலில் காற்று மிகுந்த பெருங்குடலும், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடமும் முதன்மை இலக்குகள். குடல் சுவரில் ரத்தம் கட்டி நிற்கும் பகுதி சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து ஓட்டையாகலாம். எனவே முதல் நாள் ஸ்கேன் இயல்பாக இருந்தது என்பது முழுப் பாதுகாப்பாகாது. வயிற்று வலியோ காய்ச்சலோ கூடினால் மறுபடி எடுக்க வேண்டும்.

ரத்த அழுத்தம் நிலைகொள்ளாதவரை ஸ்கேன் மேசைக்குக் கொண்டுசெல்லக் கூடாது. படுக்கையருகே அல்ட்ராசவுண்ட் வைத்து வயிற்றில் ரத்தம் தேங்கியுள்ளதா என்று பார்த்து, தேவையானால் நேரே அறுவை அரங்குக்குச் செல்வதே முறை. நிலைபெற்றவருக்கே சிடி ஸ்கேன்.

அந்தப் படத்தில் முதலில் தேட வேண்டியது ரத்தம். உறைந்த ரத்தம் உறையாததைவிட வெளுப்பானதால், மிக வெளுத்த கட்டி எந்த உறுப்பை ஒட்டியுள்ளதோ அதுவே பெரும்பாலும் கசியும் உறுப்பு. தமனிக் கட்டத்தில் பெருந்தமனிக்கு இணையாக ஒளிரும் ஒரு புள்ளி, அடுத்த கட்டத்தில் பெரிதாகிப் பரவினால் ரத்தம் இன்னும் ஓடுகிறது. பரவாமல் பெருந்தமனியோடு சேர்ந்து மங்கினால் அது தமனிச் சுவரின் பொய் வீக்கம். இரண்டும் அவசரச் செய்திகள்.

மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகக் காயங்கள் அமெரிக்க விபத்து அறுவை மருத்துவர் சங்கத்தின் அளவுகோலில் ஐந்து படிகளாகத் தரம் பிரிக்கப்படுகின்றன. 2018 திருத்தத்தில் மண்ணீரலுக்கு ரத்தக் குழாய்ச் சேதமும் கணக்கில் சேர்ந்தது. மண்ணீரலில் 1 செ.மீ.க்குக் குறைந்த ஆழமுள்ள கிழிசல் முதல் படி; 1 முதல் 3 செ.மீ. இரண்டாம் படி, 3 செ.மீ.க்கு மேல் மூன்றாம் படி. உறைக்குள் அடங்கிய ரத்தக் குழாய்ச் சேதமோ கால் பங்குக்கு மேல் ரத்தமின்மையோ நான்காம் படி. சிதறிப்போன மண்ணீரலும் வயிற்றறைக்குள் பாயும் கசிவும் ஐந்தாம் படி. இந்த எண் தனியே அறுவையைத் தீர்மானிக்காது. நோயாளியின் நிலையே தீர்மானிக்கும்.

அடுத்தது குடல். குடலுக்கு வெளியே காற்று, சுவரில் தெரியும் இடைவெளி, வாய்வழி மருந்தின் கசிவு ஆகியவை உறுதியான அடையாளங்கள். சுவர் தடிப்பு, குடல்தாங்கிக் கொழுப்பில் இழைகள், குடல் வளைவுகளின் இடையே முக்கோணமாகத் தேங்கும் திரவம் ஆகியவை ஐயத்துக்குரியவை. திட உறுப்பு எதிலும் காயமில்லாமல் திரவம் மட்டும் இருந்தால் குடலையோ குடல்தாங்கியையோ சந்தேகிக்க வேண்டும். மறுபுறம், வெளிக்காற்று எல்லாம் குடலிலிருந்தே வந்ததென்றும் கொள்ள முடியாது. நுரையீரல் சிதைந்து செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரிடம் மார்பிலிருந்து காற்று வயிற்றறைக்கு இறங்கக்கூடும். ஆகவே நுரையீரலின் அடிப்பகுதியையும் அதே படத்தில் பார்க்காமல் முடிவு எழுதக்கூடாது.

உள்ளே பாய்ந்த துண்டுகளில் உலோகத்தைச் சுற்றிக் கோடு கோடாய் ஒளி சிதறும். செங்கல்லும் கான்கிரீட்டும் கண்ணாடியும் வெளுப்பாகத் தெரியும். காய்ந்த மரச் சிம்பு மட்டும் தொடக்கத்தில் காற்றைப் போலக் கறுப்பாக இருக்கும்; ஒழுங்கான நேர்விளிம்புள்ள 'காற்றை'க் கண்டால் மரம் என்று ஐயப்பட வேண்டும்.

கடும் அதிர்ச்சி நிலையில் உடல் தானே சில மாற்றங்களைக் காட்டும். கீழ்ப்பெருஞ்சிரை தட்டையாகும், பெருந்தமனி குறுகும், குடலின் உட்சவ்வும் அட்ரீனல் சுரப்பிகளும் மிகையாக ஒளிரும், குடல் நீர்கோத்து விரியும். இவை உறுப்புக் காயங்களாகா. ரத்தம் போதாத உடலின் எதிர்வினை. இவற்றைக் குடல் கிழிசல் என்று கொண்டு வயிற்றைத் திறந்தால் பயனில்லை. ரத்தக் குறைவின் காரணத்தைத் தேடுவதே தேவை.

பரந்த தீக்காயத்துக்கு முதல் 24 மணி நேரத்தில் பல லிட்டர் திரவம் ஏற்றப்படுகிறது. அதன் பின் எடுக்கும் ஸ்கேனில் கல்லீரலுக்குள் போர்ட்டல் சிரைகளைச் சுற்றிக் கறுப்பு வளையம், பித்தப்பைச் சுவர் வீக்கம், குடல் சுவர் வீக்கம், வயிற்றறையில் நீர், தோலடி வீக்கம் ஆகியவை தோன்றலாம். இவை ஏற்றிய திரவத்தின் விளைவாக இருக்கக்கூடும். எத்தனை மணிக்குக் காயம், எவ்வளவு திரவம் ஏறியது என்ற குறிப்பு இல்லாமல் இந்தப் படத்தை நேர்மையாகப் படிக்க இயலாது.

தீக்காயப் பிரிவில் வாரக்கணக்கில் இருப்பவருக்குப் பிற்காலச் சிக்கல்கள் உண்டு. 1842இல் தாமஸ் கர்லிங் விவரித்த முன்சிறுகுடல் புண் ஓட்டையாகலாம். கல்லே இல்லாத பித்தப்பை அழற்சி வரலாம். ரத்தக் குழாய் அடைபடாமலேயே குடல் ரத்தம் இன்றி வாடலாம். சுவருக்குள் காற்றுக் குமிழிகளும் போர்ட்டல் சிரையில் காற்றும் அதன் அடையாளங்கள். மயக்க மருந்திலோ செயற்கைச் சுவாசத்திலோ இருக்கும் நோயாளியால் வலியைச் சொல்ல முடியாது. காரணம் தெரியாத காய்ச்சலும் வயிற்று உப்பசமும் இருந்தால் அவருக்காக ஸ்கேன்தான் பேச வேண்டும்.

அன்றாட நோய்கள்

வெயில் மிகுந்த வறண்ட மாவட்டம், வியர்வை சிந்தும் உழைப்பு, குறைவாகத் தண்ணீர் குடிக்கும் வழக்கம் ஆகியவை சிறுநீரகக் கல்லுக்கு ஏற்ற சூழல். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்லும் சிடியில் தெரியும். கல் சிக்கும் இடங்கள் மூன்று: சிறுநீரகத்திலிருந்து குழாய் தொடங்கும் இடம், இடுப்பு ரத்தக் குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். 5 மி.மீ.க்குக் குறைந்தவை பெரும்பாலும் தாமே வெளியேறும். இடுப்புச் சிரைகளில் படியும் சுண்ணாம்புக் கற்களோடு குழம்பக்கூடாது. குழாய்க் கல்லைச் சுற்றி மென்திசு வளையம் இருக்கும், மேலே குழாய் விரிந்திருக்கும்.

குடல்வால் 6 மி.மீ.க்கு மேல் தடித்து, சுவர் ஒளிர்ந்து, சுற்றுக் கொழுப்பில் இழையோடினால் அழற்சி. குடலடைப்பில் விரிந்த குடல் எங்கே திடீரெனச் சுருங்குகிறதோ அந்த இடத்தையும், சுவர் கான்ட்ராஸ்ட் ஏற்கிறதா என்பதையும் அறிக்கை சொல்ல வேண்டும். ஏற்காத குடல் ரத்தமிழந்தது. அது சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டிய நிலை.

மதுப் பழக்கமும் பித்தக் கல்லும் கணைய அழற்சியின் முதன்மைக் காரணங்கள். 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு, கணையம் வீங்கியது மட்டுமா, திசு இறந்துள்ளதா என்று முதலில் பிரிக்கிறது. நோய் தொடங்கி 72 மணி நேரத்துக்குள் எடுத்த படம் திசு இறப்பைக் குறைத்துக் காட்டக்கூடும். 4 வாரம் கடந்த திரவத் தேக்கம் சுவர் கட்டிக்கொள்ளும். தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் இன்னொரு நிலை வெப்பமண்டலக் கணைய நோய்: மது அருந்தாத இளம் வயதினரிடம் விரிந்த கணைய நாளத்துக்குள் பெரிய கற்கள், கூடவே சர்க்கரை நோய். கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் இதை விரிவாக ஆராய்ந்தார்.

வயிற்றுக் காசநோய் பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தைப் பிடிக்கிறது. சுவர் தடிப்பு, நடுவில் கறுத்து ஓரத்தில் ஒளிரும் நிணநீர்க்கணுக்கள், வயிற்றறையில் நீர், அந்த அறையின் உள்ளுறைத் தடிப்பு ஆகியவை சேர்ந்து வந்தால் அதை முதலில் நினைக்க வேண்டும். குரோன் நோயும் புற்றும் இதே தோற்றம் தரலாம் என்பதால் திசுப் பரிசோதனை முடிவு சொல்லும். கல்லீரலில் ஓரம் ஒளிரும் சீழ்க்கட்டியும், ஆடும் நாயும் சேர்ந்து வாழும் கிராமங்களில் வரக்கூடிய நாடாப்புழு நீர்க்கட்டியும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டியவை. பெரிய நீர்க்கட்டிக்குள் சிறு நீர்க்கட்டிகள் தெரிவது பின்னதன் அடையாளம். அதை முன்னறியாமல் ஊசி குத்தினால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம்.

ஸ்கேனின் எல்லைகள்

ஒரு வயிற்று சிடி ஸ்கேனில் உடல் பெறும் கதிர் சுமார் 8 முதல் 10 மில்லி சீவர்ட். இயற்கையிலிருந்து ஒருவர் ஆண்டில் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லி சீவர்ட். உயிர் காக்கும் நேரத்தில் இந்த அளவு தயக்கத்துக்கு உரியதன்று. ஆனால் ஒவ்வொரு வயிற்று வலிக்கும் ஸ்கேன் எடுப்பது நியாயமாகாது. குழந்தைகளுக்கும், பித்தப்பை, கருப்பை, சினைப்பை நோய்களுக்கும் அல்ட்ராசவுண்ட் முதலில் வர வேண்டும். இந்தியாவில் கதிர்க் கருவிகளின் உரிமமும் கண்காணிப்பும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பொறுப்பு.

பட்டாசு ஆலைகளில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். விபத்து அவசரத்திலும் கர்ப்பம் உண்டா என்று கேட்பதும் பரிசோதிப்பதும் தவறக்கூடாது. கருவைப் பாதிக்கும் எனக் கருதப்படும் 50 மில்லி கிரே எல்லைக்குள்ளேயே ஒரு வயிற்று ஸ்கேனின் அளவு பொதுவாக அடங்கும். தாயின் உயிர் ஆபத்தில் இருந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடுவதே கருவுக்கும் பெரிய தீங்கு.

ஸ்கேன் தவறவிடுபவையும் உண்டு: தொடக்க நேரக் குடல் காயம், முதல் நாளின் கணையக் கிழிசல், சிறிய உதரவிதானக் கிழிசல், உள்ளுறையில் படிந்த நுண்ணிய புற்று.

வேண்டுகோளும் அறிக்கையும்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் ஸ்கேன் மையங்களை 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிர்வகிக்கிறது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் மாவட்டத்தின் கடும் நோயாளிகள் மேல்சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. சிவகாசியிலிருந்து அது சுமார் 75 கி.மீ. பயிற்சி மருத்துவர்கள் இப்போது மாவட்டத்துக்குள்ளேயே படம் படிக்கக் கற்கிறார்கள்.

அவர்களுக்குத் தேவையான ஒழுங்கு இரு பக்கமும் இருக்க வேண்டும். ஸ்கேன் கேட்டு அனுப்பும் மருத்துவர் 'வயிற்று வலி' என்று மட்டும் எழுதாமல், வெடிப்பு எத்தனை மணிக்கு, மூடிய அறையிலா வெளியிலா, கட்டடம் இடிந்ததா, தீக்காயம் எத்தனை சதவீதம், எவ்வளவு திரவம் ஏறியது, கர்ப்பம் உண்டா, சிறுநீரகத் திறன் என்ன என்று குறிப்பிட வேண்டும். படிக்கும் மருத்துவர் எல்லா உறுப்புகளையும் மாறாத வரிசையில், மூன்று அடர்த்தி வரம்புகளிலும் பார்க்க வேண்டும். பழைய படம் இருந்தால் ஒப்பிட வேண்டும். ஒரு குறையைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடாமல் வரிசையை முடிக்க வேண்டும். விபத்தில் இரண்டாம் காயம் தப்பிப்போவது பெரும்பாலும் முதல் காயம் கண்ணில் பட்ட பிறகே. அறிக்கை எதைக் கண்டது, எதை உறுதியாக இல்லை என்கிறது, எதை இந்தப் படத்தால் சொல்ல இயலாது, எப்போது மறுபடி எடுக்க வேண்டும் என்ற நான்கையும் சொல்ல வேண்டும். ரத்தக் கசிவு, குடல் ஓட்டை, ரத்தமிழந்த குடல் ஆகிய மூன்றும் அறிக்கை தட்டச்சாகும் வரை காத்திருக்கக் கூடாதவை. கண்டவுடன் தொலைபேசியில் அறுவை மருத்துவருக்கு நேரடியாகச் சொல்லப்பட வேண்டும்.